ஒன்றரைக் கிலோமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் யாரும் ஜெயிக்கப்போவதில்லை. கண்ணீர் மல்க மெடல் வாங்குகிற காட்சி கிடையாது. அதுதான் வேண்டும் என்றால் நீங்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இருக்கிறீர்களா? சந்தோஷம்.

நான் சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பையன், ஒரு கணவர், ஒரு மாமியார், இ.எம்.ஐ. பாக்கியுள்ள ஒரு ஃபிளாட். இதில் எதுவும் உங்களுக்குப் புதுசாக இருக்காது. புதுசு என்னவென்றால், 41 வயசுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டு, 46 வயசில் ட்ரையத்லான் போட்டிகளில் கலந்துகொண்டேன். அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது என்று செய்வது. நடுவில் ஈரத்தோடு ஷூ மாட்டுகிற நேரம், ஹெல்மெட் தேடுகிற நேரம் எல்லாம்கூடக் கணக்கில் சேரும்.

“யாரும் துரத்தலையே, எதுக்கும்மா ஓடுறே?” என்று என் மாமியார் கேட்டார். அத்தைக்கு 78 வயசு. நியாயமான கேள்விதான். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்களையும் யாரும் துரத்தவில்லை. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஓட்டப் பயிற்சி சலித்துப்போன சிலர், ஒரு மாறுதலுக்காக ஆரம்பித்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 46 பேர். 

அதோடு விட்டார்களா? நீந்துகிறவனுக்கு உடம்பு கெட்டியா, ஓடுகிறவனுக்கா, சைக்கிள் மிதிக்கிறவனுக்கா என்று ஹவாயில் ஒரு விவாதம் வந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று பந்தயங்களையும் சேர்த்து ஒரே நாளில் செய்துபார்த்துவிடலாமே என்றார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான். 1978 பிப்ரவரி 18. கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிஷத்தில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்த நண்பர்கள் பீர் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது நடந்திருந்தால் அவர் முதலாவதாக வந்திருப்பார் என்று என் கணவர் சொல்கிறார். அது அவர் கருத்து.

நான் செய்ய நினைத்தது இதில் பாதி. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். கோவாவில் 2019-ல் முதல்முறையாக நடந்தது. கொரோனாவால் இரண்டு வருஷம் நின்று, 2022-லிருந்து மறுபடி நடக்கிறது. எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலுக்கு மட்டும் 1 மணி 10 நிமிஷம். அதற்குள் கரையேறாவிட்டால் அங்கேயே ‘போயிட்டு வாங்க’தான்.

இப்போது வீட்டு அரசியலுக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு எழுத வேண்டியிருந்தது அதைத்தான்.

2023 தீபாவளி முடிந்து பட்சணம் எல்லாம் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் பேச்சை ஆரம்பித்தார். “இத பாரு. 2024 முழுசும் உனக்கு. காலையில சமையல், அம்மாவுக்கு மாத்திரை, இவனைக் கிளப்பறது எல்லாம் என் பொறுப்பு. ஆனா 2025-ல இவன் பிளஸ் டூ. அம்மாவுக்கும் ரெண்டாவது கண் ஆபரேஷன் பாக்கி இருக்கு, முட்டி வேற. அப்ப நீ இருந்தாகணும்.”

“அதுக்கப்புறம்?” என்றேன்.

“அதுக்கப்புறம் எனக்கு வயசு 51, உனக்கு 48. அப்ப பாத்துக்கலாம்.”

இதைவிட நேர்மையான ஒப்பந்தத்தை நான் என் அலுவலக ஃபைல்களில்கூடப் பார்த்ததில்லை. சண்டை போட ஒன்றுமே இல்லை. ஒரு வருஷம். வாசகிகளே, உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் வீட்டில் ஒரு முழு வருஷத்தை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்? எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருஷம் என்பது என்னவென்று சொல்கிறேன். அதிகாலை 3:50-க்கு அலாரம். ஞாயிறுகளில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். யாரோ டேப் வைத்து அளந்து கட்டியதுபோல சரியாக இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்னால் வெளிச்சமே இல்லாத இடங்கள் உண்டு. அங்கெல்லாம் என் கணவர் பின்னால் ஸ்கூட்டரில், தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, எனக்கு வெளிச்சம் காட்டியபடி வருவார். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முட்டுக்காடு பாலத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எதிர்க்காற்றாகத்தான் இருக்கும். இது சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட இயற்கை விதி. அப்படி நாற்பது தடவைக்குமேல் மாமல்லபுரம் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கடற்கரைக் கோயில் பக்கம் போனதில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டீ, ரெண்டு வாழைப்பழம், திரும்பு.

நீச்சல், வேளச்சேரியில் 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய குளத்தில். பெண்களுக்கான நேரத்தில் போனால் பக்கத்தில் ஏழு வயசுக் குழந்தைகள் மீன் மாதிரி என்னைத் தாண்டிப் போகும். போகட்டும். குளத்தில் நீந்துவது ஒரு கலை, கடலில் நீந்துவது வேறு கலை. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்? எட்டு பத்து கைவீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, மிதவை எங்கே என்று பார்த்துவிட்டு மறுபடி தலையை உள்ளே விட வேண்டும். இதைக் கோவளத்தில் பழகினேன். கரையிலிருந்த மீனவர்கள் முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து, “இன்னிக்கு வாணாம்மா, உள்ள இழுக்குது” என்று அவர்களே திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் வேண்டாம் என்ற நாளில் நான் இறங்கியதே இல்லை.

அப்புறம் ‘பிரிக்’ என்று ஒன்று. செங்கல்! சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடிப் பழகுவதற்கு அந்தப் பெயர். ஏன் அந்தப் பெயர் என்பதற்குப் பல கதைகள் சொல்வார்கள். ஒரு தடவை இறங்கி ஓடிப்பார்த்தால் போதும், கால் இரண்டும் செங்கல்லாக இருக்கும், காரணம் புரிந்துவிடும்.

சாப்பாட்டு இலாகா அத்தையிடம் இருந்தது. “எதுக்கு ஓடுறே” என்று கேட்டவர்தான், என் டிபன் டப்பாக்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நீண்ட தூரம் போகிறவர்கள் உப்பு மாத்திரை சாப்பிடுவார்கள். வியர்வையில் போகிற உப்பை ஈடுகட்ட வேண்டும், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். இதை நான் அத்தைக்கு விளக்கியபோது, “உப்புத்தானே?” என்று எழுந்து போய் உப்பில் ஊறிய நார்த்தங்காயைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒரு பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க என் சைக்கிள் பையில் இருந்தது அதுதான். கூட நாலு கடலை உருண்டை. வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகள் வைத்திருந்த பெங்களூர்ப் பையன்கள் சிலர் என்னிடம் நார்த்தங்காய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஜனவரியில் ஒரு 21 கிலோமீட்டர் ஓட்டத்தை 2 மணி 24 நிமிஷத்தில் முடித்தேன். மார்ச்சில் ஒரு சின்ன ட்ரையத்லான். ஜூலையில் ஒலிம்பிக் தூரம், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதில் என் வயசுப் பிரிவில் மூன்றாம் இடம்! பிரிவில் இருந்ததே மூன்று பேர்தான் என்பதை அலுவலகத்தில் நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. செப்டம்பரில் இன்னொரு 21. எல்லாம் ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உச்சிப்படிதான் கோவா.

2024 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. பணஜியில் மீராமார் கடற்கரை, மாண்டவி ஆறு அரபிக்கடலில் கலக்கிற இடம். எனக்குப் பழக்கமான கடலில் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து வரும். இங்கே முதுகுப் பக்கம், கட்டிடங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

நீச்சல் 54 நிமிஷம். நான் கனவில்கூட எதிர்பார்க்காத நேரம். சைக்கிள் 3 மணி 50 நிமிஷம், பஞ்சர் இல்லை, விழவில்லை. கடலிலிருந்து வந்து உடை சரிசெய்தது, சைக்கிளை வைத்துவிட்டு ஷூ மாட்டியது எல்லாம் சேர்த்து, ஓட ஆரம்பித்தபோது கடிகாரத்தில் 4 மணி 59 நிமிஷம். மிச்சம் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. ஓட வேண்டியது 21 கிலோமீட்டர். நீங்களே மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 10 நிமிஷம். வேகமாக நடந்தாலே போதும்! முதல் ஏழு கிலோமீட்டரை 56 நிமிஷத்தில் ஓடினேன். சிரித்துக்கொண்டே ஓடினேன். ஓரத்தில் நின்ற என் கணவரிடம் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனேன்.

எட்டாவது கிலோமீட்டரில் வயிற்றைப் புரட்டியது.

கொஞ்சம் விஞ்ஞானம் பேசலாமா? நாம் சாப்பிட்ட சாப்பாட்டில் கால்பங்குக்கும் குறைவான சக்திதான் காலை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி முக்கால்வாசி வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியே தள்ள உடம்பிடம் இருக்கிற பெரிய ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். பிரமாதமான ஏற்பாடு. ஆனால், ‘ஆவியானால்’! காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, சொட்டும். சொட்டுகிற வியர்வையால் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பு என்ன செய்யும்? இன்னும் அதிகமாக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். கால் தசையும் ரத்தம் கேட்கும். இரண்டு பேருக்கும் கொடுத்தபிறகு வயிற்றுக்குக் கொடுக்க மிச்சம் இருக்காது. குடித்த தண்ணீர் அப்படியே உள்ளே நின்று குலுங்கும். அப்புறம் வந்த வழியே திரும்பிவிடும்.

எனக்கு மூன்று தடவை திரும்பியது. கெண்டைக்கால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுக்கிற மேஜைப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் பையனைவிட ரெண்டு வயசு மூத்தவனாக இருப்பான், தொண்டு செய்ய வந்த ஒரு கல்லூரிப் பையன், கழுத்தில் ஐஸ் வைத்துப் பிடித்துக்கொண்டான். “ஆன்ட்டி, ரிலாக்ஸ்... டைம் இருக்கு” என்று இந்தியில் சொன்னான். 20 நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது ஒன்பதாவது கிலோமீட்டர், கையில் 1 மணி 45 நிமிஷம். மிச்சம் 12 கிலோமீட்டர். இப்போது கணக்கு உதைத்தது. எனக்குக் கணக்குத்தானே தொழில்? எழுந்த நொடியே தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தபிறகு நடக்கிற 12 கிலோமீட்டர் இருக்கிறதே... ஓட்டப்பாதை சுற்றுப்பாதை. அதனால் கடைசிச் சுற்றை முடிக்கிறவர்கள் நம்மைத் தாண்டி முடிவுக்கோட்டுப் பக்கம் திரும்புவார்கள். நாம் நேராகப் போக வேண்டும். மைக்கில் பெயர் பெயராக வாசிப்பது காற்றில் கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கைதட்டல். காற்று திரும்பினால் அதுவும் கேட்காது, உங்கள் ஷூ சத்தம்தான். நடந்தேன். ஓட முயன்றால் கால் பிடித்தது, விட்டு நடந்தேன். கிலோமீட்டருக்குச் சரியாகப் பத்து நிமிஷம். அதற்குமேல் உடம்பு ஒரு விநாடிகூட இறங்கி வரவில்லை.

8 மணி 30 நிமிஷம் ஆனபோது இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தது.

113-ல் ஒன்றரை. திருவான்மியூர் சிக்னலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற தூரம். காய்கறிப் பையோடு தினமும் நடக்கிற தூரம்.

நடந்து முடித்தேன். முடிவு வரிசையில் என் பெயருக்கு நேரே டி.என்.எஃப். என்று மூன்று எழுத்து. ‘முடிக்கவில்லை’ என்று அர்த்தம். நான் முடித்தேன், ஆனால் முடிக்கவில்லை. இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. எட்டரை என்றால் எட்டரைதான். ஆடிட்டில் நான் அப்படித்தான் நடந்துகொள்வேன்.

என் கணவர் குடையோடு நின்றிருந்தார். ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. ‘அடுத்த தடவை பாத்துக்கலாம்’ என்றும் சொல்லவில்லை, அது அவருக்கே தெரியும். “உப்புமா சாப்பிடறியா? ஒரு கடை பாத்து வெச்சிருக்கேன்” என்றார். அப்போதுதான் அழுதேன். ரவா உப்புமாவுக்காக நடுரோட்டில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்று ராத்திரி லாட்ஜில் தூக்கம் வராமல் போனில் ஒரு பழைய வீடியோவைப் பார்த்தேன். உங்களில் சிலரும் பார்த்திருக்கலாம். 2016 செப்டம்பர், மெக்ஸிகோவில் கொசுமெல் என்ற தீவு. அந்த வருஷத்து உலக ட்ரையத்லான் தொடரின் கடைசிப் போட்டி. இங்கிலாந்துக்காரர் ஜானி பிரவுன்லீ முதலாவதாக ஓடி வருகிறார். அவர் ஜெயித்து, ஸ்பெயினின் மாரியோ மோலா நாலாவதாகவோ பின்னாலோ வந்தால், உலக சாம்பியன் பட்டம் அவருக்கு. இன்னும் சில நூறு மீட்டர்தான். திடீரென்று கால் தள்ளாடுகிறது. சாராயம் குடித்தவர் மாதிரி ரோட்டோரம் போகிறார். அதே புழுக்கம், அதே விஞ்ஞானம். பின்னால் வருகிறவர் அவருடைய சொந்த அண்ணன் அலிஸ்டர், இரண்டு தடவை ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவர் தம்பியைத் தாண்டிப் போகவில்லை. தம்பியின் கையைத் தன் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே ஓடுகிறார். அதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் இருவரையும் தாண்டிப்போய் ஜெயித்துவிடுகிறார். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணன், தம்பியை முன்னால் தள்ளி இரண்டாவதாக விழவைத்து, தான் மூன்றாவதாக வருகிறார். பட்டம், வெறும் நாலு பாயின்ட்டில் மோலாவுக்குப் போனது.

உலகம் முழுக்க அந்த அண்ணனைக் கொண்டாடினார்கள். சரிதான். ஆனால் அன்று ராத்திரி நான் பார்த்தது தம்பியை. ஒரு வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பாயின்ட் பாயின்ட்டாகச் சேர்த்தவர். அவர் வாழ்க்கையே இதுதான், டாக்டர், கோச், விஞ்ஞானம் எல்லாம் பக்கத்தில் இருந்தன. அவருக்கும் வயசு 26தான். அவரையே கடைசிச் சில நூறு மீட்டரில் கைவிட்ட உடம்பு, கணக்குப் பிரிவு சூப்பரின்டெண்டன்ட் ஒருத்தியை விட்டுவிடுமா?

இதில் ஆறுதல் இருந்ததா என்று கேட்டால், இல்லை. தகவல்தான் இருந்தது.

திங்கள்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை அலுவலகம். “எத்தனாவது வந்தீங்க மேடம்?” என்று ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை என்றேன். “ஐயையோ... அப்ப பரிசு?” முடித்திருந்தாலும் எனக்குப் பரிசு கிடையாது, கழுத்தில் ஒரு மெடல் மாட்டுவார்கள், அவ்வளவுதான் என்றேன். “பணம் ஒண்ணும் கிடையாதா?” நாம்தான் பணம் கட்ட வேண்டும் என்றேன். அதற்கப்புறம் பக்கத்து சீட்காரர் என்னைப் பார்த்த பார்வையில், ஏலச்சீட்டில் ஏமாந்தவர்களைப் பார்க்கிற கருணை இருந்தது. தீபாவளிக்கு இரண்டே நாள், ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர் விஷயம் வந்து பேச்சு மாறிவிட்டது. நல்லவேளை.

வீட்டில், ராத்திரிகளில், ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே தப்பு? அதைக் கண்டுபிடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம், சாப்பாடு, உப்பு, தண்ணீர், வேகம் எல்லாவற்றையும் பத்து மாசத்துக்கு எழுதி வைத்திருந்தேன். பயிற்சியாளரிடமும் காட்டினேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். அன்னிக்கு உடம்பு ஒத்துக்கல” என்றார். டாக்டரும் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். டேலி ஆகாத பாலன்ஸ் ஷீட்டுக்குக்கூட எங்கோ ஒரு எட்டணா விட்டுப்போனது கிடைத்துவிடும். இதில் எல்லாம் டேலி ஆகிறது, ஆனால் பணம் மட்டும் இல்லை! தப்பு ஒன்று கிடைத்திருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் தெரியுமா?

வாக்குப்படி டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால், “வேணும்னா இன்னொரு வருஷம் ட்ரை பண்ணும்மா, நானே படிச்சுக்குவேன்” என்று பையன் சொன்னான். அவன் படிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். 2025-ல் அத்தைக்கு இரண்டாவது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை, பிறகு நாலு வேளை, பிறகு இரண்டு. அந்த அட்டவணை என் பயிற்சி அட்டவணை ஒட்டியிருந்த அதே ஃப்ரிட்ஜ் கதவில், அதே காந்தத்தில் தொங்கியது. சைக்கிள் பால்கனியில் இருக்கிறது. மழைநாளில் அதன்மேல் துணி காயும். ஞாயிறுகளில் மட்டும் வேளச்சேரிக் குளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நீந்திவிட்டு வருகிறேன். அந்த ஏழு வயசுக் குழந்தைகளில் ஒன்றிரண்டு இப்போது மாவட்டப் போட்டிக்குப் போகின்றன.

கண் கட்டு பிரித்த வாரம், அத்தைக்குப் போனில் அந்த பிரவுன்லீ வீடியோவைக் காட்டினேன். புதுக்கண்ணில் எல்லாம் பளிச்சென்று தெரிகிற உற்சாகத்தில் இருந்தார். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். தம்பி தள்ளாடுகிற இடத்தில், “அடப்பாவி... பிள்ளைக்கு வெயில் தாங்கலை” என்றார். அண்ணன் வந்து பிடித்தவுடன் தலையை ஆட்டிக்கொண்டார். இப்படிக் கைத்தாங்கலாக இழுத்துப்போவதை அடுத்த வருஷமே, 2017-ல், விதிமுறை போட்டுத் தடுத்துவிட்டார்கள், இனிமேல் செய்தால் இரண்டு பேரையும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று சொன்னேன்.

அத்தை போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“கூடப்பொறந்தவன் விழுந்தா தூக்கக் கூடாதுன்னு சட்டமா? யார்டீ அது போட்டவன்?”